இசை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத நூலகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?

"கச்சேரி அளவுக்குப் பாடத் தெரியும், திடீரென்று ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது, எப்படி எழுதுவது, இணையத்தில் இருப்பது போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலை இரண்டாம் ஆண்டாக இருக்க வேண்டும். தலைப்பு கொடுத்துவிட்டு நெறியாளர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று போயிருப்பார். நானும் அப்படி நின்றவள்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் முனைவர் இல்லை. எம்.ஃபில். முடித்துவிட்டுப் பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருக்கிறேன். "இவள் யார் சொல்ல" என்பவர்கள் இத்தோடு அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

நான் எடுத்துக்கொண்டது ஒரு பழைய தமிழ்ப் பாட்டு. எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் கட்டுரையைத் தேடிப் பிடித்து இன்னொரு முறை சிரிப்பீர்கள். இன்று எல்லோரும் பாடும் ராகம் ஒன்று, என் குருவின் பாடாந்தரம், அதாவது குரு வழியாக வந்த பாடும் முறை, வேறு. ஒரு நூலகத்தில் அந்தப் பாட்டு அச்சான சின்னப் பாட்டுப் புத்தகம் அகப்பட்டது. தொட்டால் ஓரம் உதிரும் தாள். ஜெராக்ஸ் எடுக்க விடவில்லை, பேனாவும் கூடாது என்றார்கள். பென்சிலால் நோட்டில் எழுதிக்கொண்டேன். இன்று பாடும் ராகம்தான் அதிலும் போட்டிருந்தது. முகப்பில் விலை அணா 2, கீழே "சர்வதாரி வருஷம்".

சர்வதாரி என்றால் 1948 என்று கணக்குப் போட்டேன். கிராமபோன் தட்டில் வந்த ராகம் பரவி, அதைப் பார்த்துப் புத்தகக்காரர் ராகப் பெயரை மாற்றிப் போட்டுவிட்டார் என்று இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

எங்கள் துறைக் கருத்தரங்கில் வாசித்து முடித்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். வேட்டி, மடியில் துணிப்பை. "எந்த சர்வதாரிம்மா?" என்றார். நான் 1948 என்றேன். "என் தம்பி சர்வதாரியில பொறந்தவன். எங்க தாத்தாவும் சர்வதாரிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும் என்பது பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். எனக்கு வசதியான சர்வதாரியைப் பிடித்துக்கொண்டேன். அணா விலையையும் சான்றாகக் காட்டியிருந்தேன். 1957 வரை அணா புழக்கத்தில் இருந்தது, ஆகவே அதை வைத்து இந்தப் பக்கமும் சொல்ல முடியாது, அந்தப் பக்கமும் சொல்ல முடியாது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். புத்தகத்தை எடுத்துவந்த ஊழியர், "கடைசிப் பக்கம் பாத்தீங்களா மேடம்?" என்று அவரே திருப்பினார். பாட்டு முடிந்த பிறகு ஒரு வெற்றுத்தாள். அதில் பழுப்பேறிய மசியில் யாரோ தன் பெயர், ஊர், "1903 ஜனவரி" என்று எழுதிவைத்திருந்தார். 1948இல் அச்சான புத்தகத்தில் 1903இல் யார் வந்து கையெழுத்துப் போடுவார்கள்? அது அதற்கு முந்தைய சர்வதாரி, 1888. இந்தியாவில் கிராமபோன் ஒலிப்பதிவே 1902 கடைசியில் கல்கத்தாவில்தான் தொடங்கியது. தட்டைப் பார்த்துப் புத்தகம் மாறியது என்ற என் வாதம் அந்த மேசையிலேயே செத்தது. கட்டுரை ஒன்பது பக்கமாகச் சுருங்கியது. அந்த ஒன்பது பக்கத்துக்கு இன்றும் நான் பொறுப்பு.

இதை வேறு வழியிலும் சரிபார்த்திருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. 1867ஆம் வருஷத்து அச்சகச் சட்டப்படி அச்சான புத்தகங்களை அரசிடம் பதிய வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் அவற்றைக் காலாண்டுக்கு ஒரு முறை பட்டியலிட்டு அரசிதழோடு வெளியிட்டார்கள். அச்சகம், தேதி, பக்கம், எத்தனை பிரதி, என்ன விலை எல்லாம் அதில் இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய அரசிதழ்களைக் கேளுங்கள். பாட்டுப் புத்தகத்துக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். அட்டவணையில் பாட்டின் முதல் வரியைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது, புத்தகத்தின் பெயர் வேண்டும். அதையும் நாலு விதமாகப் போட்டுப் பாருங்கள். நந்தனார் சரித்திரம் என்று தேடிக் கிடைக்காதது திருநாளைப்போவார் சரித்திரம் என்று தேடினால் கிடைக்கும்.

இணையம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, சண்டைக்கு வராதீர்கள். சென்னை மியூசிக் அகாடமி 1930 முதல் வெளியிட்ட ஆய்விதழ்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்கலாம். ஆபிரகாம் பண்டிதரின் இசை ஆய்வு நூல் கருணாமிர்த சாகரம் (1917) வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றப்பட்டிருக்கிறது. ஆனால் வருடியவர்கள் பல சமயம் அட்டையையும் வெற்றுத்தாளையும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த வெற்றுத்தாள்தான்.

எழுதுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். என் முதல் வரைவில் "என்று கூறப்படுகிறது" வந்த இடத்தையெல்லாம் நெறியாளர் அம்மா சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் "யார்?" என்று எழுதியிருந்தார். பதினேழு "யார்?". எண்ணிப் பார்த்தேன். குரு சொன்னது சான்றாகாதா என்று அழாத குறையாகக் கேட்டேன். "தாராளமா ஆகும். யார் சொன்னார், அவர் யார்கிட்ட கத்துண்டார், என்னைக்குச் சொன்னார்னு எழுது" என்றார். ஆகவே வாய்மொழி மரபை அவமதிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பெயரும் தேதியும் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பெயர் விஷயத்தில் இன்னொரு குழி. சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலிருந்து 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற இசை நூலில் முதல் மேளம் (தாய் ராகம்) கனகாம்பரி. நாம் படித்தது கனகாங்கி. அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு மேள முறை. மூலம் தெலுங்கு எழுத்தில் இருக்கிறது என்று பயப்படவும் வேண்டாம், அகாடமி தமிழில் பல பாகங்களாகக் கொண்டுவந்திருக்கிறது.

இவ்வளவும் கற்று என்ன செய்கிறேன் என்று கேட்டால், வாரத்துக்கு இரண்டு பாட்டு வகுப்பு, அதில் ஒன்றைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். "பரீட்சை வருது மேடம்" என்பார். ஜூன் மாதம் என்ன பரீட்சை? ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் முன்னால் மட்டும் நான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவேன், அதுவும் மைக் செட்காரருக்குப் போன் செய்ய. சரி, இதை நீங்கள் கேட்கவில்லை.

உங்கள் தலைப்பு என்ன என்று கருத்தில் போடுங்கள், எந்த அலமாரி என்று தெரிந்தால் சொல்கிறேன். இரண்டு பென்சில் கொண்டுபோங்கள். எனக்கு ஒன்று நடுவில் உடைந்துவிட்டது, சீவும் கருவியையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.