முத்திரைத்தாளில் எழுதிய விடுதலையும் குழந்தையின் ஜீவனாம்சமும்

கேள்வி: ஏழு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் எனக்குக் கோயிலில் தாலி கட்டினார். முதல் மனைவியைப் பெரியவர்கள் முன்னிலையில் தீர்த்துவிட்டதாகச் சொல்லி, 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய பத்திரம் ஒன்றையும் காட்டினார். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இப்போது அவர் முதல் மனைவியிடமே திரும்பிப் போய்விட்டார். "நீ என் மனைவியே இல்லை, ஜீவனாம்சம் கேட்க முடியாது, குழந்தையையும் அழைத்துப் போய்விடுவேன்" என்கிறார். நான் என்ன செய்வது? (வாசகி, ஈரோடு மாவட்டம்)

பதில்: உங்கள் உரிமையையும் மகளின் உரிமையையும் முதலில் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கோரிக்கையை அவர் எதிர்த்து வழக்காட இடமுண்டு. மகளின் கோரிக்கையை எதிர்க்க அநேகமாக இடமில்லை. பெற்றோரின் திருமணம் செல்லுமா செல்லாதா என்பதைப் பொருட்படுத்தாமல், வசதியுள்ள தகப்பன் குழந்தைக்கு ஜீவனாம்சம் தர வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு) சொல்கிறது. நீங்கள் வசிக்கும் ஊருக்கான குடும்பநல நீதிமன்றத்திலேயே மனு போடலாம். அவருடைய ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

இனி அந்தப் பத்திரத்துக்கு வருவோம். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் விவாகரத்து ஆகிவிட்டது என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் வலுவாக இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் 1955, 29ஆம் பிரிவில் வழக்காற்று மணமுறிவை ஏற்கிறது என்றாலும், அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருவதைச் சான்றுகளோடு நிரூபித்தால்தான் அது செல்லும். பெரும்பாலான பத்திரங்கள் அந்தச் சோதனையில் தேறுவதில்லை. தேறாவிட்டால் முதல் திருமணம் நீடிக்கிறது என்றும், உங்கள் திருமணம் செல்லாது என்றும் ஆகிவிடும்.

அதற்காக அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கோவை குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்ற வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் (2010), குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லும் 'திருமணத்தை ஒத்த உறவு' என்று கருத இருவரும் சட்டப்படி மணக்கத் தகுதியுடையவர்களாக இருக்க வேண்டும் என்று கூறப்பட்டது. 2013இல் இந்திரா சர்மா வழக்கில், ஆண் ஏற்கெனவே மணமானவர் எனத் தெரிந்தே சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் பாட்ஷா எதிர் ஊர்மிளா வழக்கில், முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றி மணந்தவர், தன் தவற்றையே காரணம் காட்டி ஜீவனாம்சத்திலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பானது. ஆகவே உங்கள் வழக்கு, தாலி கட்டிக்கொண்ட நாளில் நீங்கள் எதை நம்பினீர்கள் என்பதைச் சுற்றியே நடக்கும். விவாகரத்து என்ற அளவில் மதிப்பில்லாத அந்தப் பத்திரம்தான் நீங்கள் நம்ப வைக்கப்பட்டதற்கு முதல் சான்று. முதல் திருமணம் நடந்ததே தெரியாது என்று மனுவில் எழுதச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் கேட்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அது உடைந்தால் வழக்கு முழுவதும் சரியும்.

மகளின் பிறப்புச் சான்றிதழ், தகப்பன் பெயருள்ள பள்ளிச் சேர்க்கைப் படிவம், இருவர் பெயரும் உள்ள குடும்ப அட்டை, வாடகை ஒப்பந்தம், கோயிலில் எடுத்த படம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். அந்தப் படம் வேறொன்றுக்கும் உதவும்: சடங்கோடு நடந்து செல்லாமல் போன திருமணத்தில் பிறந்த குழந்தையையும் இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சட்டப்படியான குழந்தையாகவே கருதுகிறது. பாகப்பிரிவினை நடந்திருந்தால் தகப்பனுக்குக் கிடைத்திருக்கும் பங்கில் அக்குழந்தைக்கும் உரிமை உண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தாத்தா சொத்தில் நேரடியாகப் பங்கு கேட்க முடியாது.

குழந்தையை அழைத்துப் போய்விடுவேன் என்ற மிரட்டலுக்கு அதிகம் அஞ்ச வேண்டாம். ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம்; அதற்குப் பிறகும் குழந்தையின் நலனே முதன்மையானது. ஆனால் அவர் மகளைப் பார்க்க வருவதை அடியோடு தடுக்காதீர்கள். நீதிமன்றம் அதை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளக்கூடும்.

மனுவோடு உங்கள் வருமானம், சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அவரும் அவ்வாறே செய்தாக வேண்டும். 2020ஆம் ஆண்டின் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பின்படி, ஜீவனாம்சம் மனு தாக்கலான நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பதால் சமாதானப் பேச்சை நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள். வக்கீல் கட்டணம் தடையாக இருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்; பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தருவார்கள்.