தோல் தைக்கும் மகனைப் பற்றிக் கவலைப்படும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் படிக்கும் மகன் புத்தகத்தைத் திறக்காமல் சாப்பாட்டு மேசையில் தோலை விரித்து வெட்டிக்கொண்டிருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அட்டை உறை, அப்புறம் பணப்பை, இப்போது பாட்டியின் தையல் மெஷினில் ஒரு தோள்பை. கணக்கில் மதிப்பெண் இறங்கிவிட்டது. “இதெல்லாம் நம்ம பிள்ளை செய்யற வேலையா?” என்று அவன் அப்பா கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது தீராமல் மதிப்பெண்ணைப் பற்றி வீட்டில் நிதானமாகப் பேச முடியாது.

நேராகவே சொல்கிறேன். தோல் என்றதும் நம்மில் பலருக்கு முகம் சுளிப்பது சாதி கற்றுக்கொடுத்த பழக்கம். தோலைத் தொட்டவரை ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம்தான் அவர் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தது. கடல் தாண்டி வந்து தலைமுறைகள் ஆன பிறகும் அந்தச் சுளிப்பு சில வீடுகளில் மிச்சம் இருக்கிறது. உங்கள் கணவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கும் இது யாரோ கொடுத்துவிட்டுப் போனதுதான். ஆனால் ஒரு பதினைந்து வயதுப் பையனின் படிப்பை முடிவு செய்ய இதைக் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அவரிடம் சொல்ல உங்களுக்குச் சில செய்திகள் தருகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஊர்களின் தோலும் காலணியும் உலகச் சந்தைக்குப் போகின்றன. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் சென்னை அடையாற்றில் இயங்குகிறது. அங்கே வேதியியல் முனைவர்கள் வேலை செய்கிறார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ எடுக்கிறோமே, அதே செடியின் பட்டையை வைத்துத் தோல் பதனிடும் முறை நம் மண்ணுடையது. ‘ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல்’ என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலைத் தோல் பதனிடும் ஹெங் லோங் என்ற உள்ளூர் நிறுவனத்தின் பெரும்பங்கை 2011-ல் பிரான்ஸின் ஆடம்பரப் பொருள் குழுமமான எல்விஎம்எச் வாங்கியது. 1996-ல் இங்கே ஒரு காலணிக் கடையாகத் தொடங்கிய சார்ல்ஸ் அண்ட் கீத் இன்று பல நாடுகளில் பையும் காலணியும் விற்கிறது.

சரி, இனி பையனைப் பார்ப்போம்.

பிள்ளைக்கு ஒரு பொழுதுபோக்கு பிடித்திருக்கிறது என்பதை வைத்து மட்டும் நான் எந்தப் படிப்பையும் பரிந்துரைக்க மாட்டேன். அவன் செய்த பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். நீங்களும் இன்று இரவு அந்தப் பணப்பையை எடுத்துப் பாருங்கள். வெட்டித் துளையிட்டு டப்பாவில் வரும் கிட் வாங்கித் தைத்ததா, இல்லை அட்டையில் அவனே வரைந்து வெட்டியதா என்று கேளுங்கள். கிட் என்றாலும் தவறில்லை, எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். சொந்தமாக வரைந்தது என்றால் அதில் கணக்கு இருக்கிறது. மடிக்கும் பணப்பையின் வெளித்தோல் உள்தோலைவிடச் சில மில்லிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் வெளிப்பக்கம்தான் மடிப்பைச் சுற்றி வருகிறது. அதை மறந்தால் பை மூடாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். அடிப்பாகம் வட்டமான பை தைப்பதாக இருந்தால், 12 செ.மீ. விட்டத்துக்குச் சுற்றுப்பட்டை 37.7 செ.மீ. வேண்டும், அதற்கு மேல் தையலுக்கு விடும் அளவு தனி. தோலின் தடிமனைச் சில கடைகளில் அவுன்சில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 0.4 மி.மீ. பணப்பைக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தோல் போதும், இடுப்பு வாருக்கு மூன்றரைக்கு மேல் வேண்டும். இதையெல்லாம் பையன் யாரும் சொல்லாமலே போட்டுக்கொண்டிருக்கிறான் என்றால் அவனுக்குக் கணக்கு வராது என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வரவேண்டாம். கணக்கு ஆசிரியரிடம் அந்த அட்டை மாதிரிகளைக் காட்டச் சொல்லுங்கள். துணைப்பாட ஆசிரியருக்கும் அது உதவும்.

அடுத்து தையலைப் பாருங்கள். கையால் தைக்கும் தோலுக்குச் சேடில் ஸ்டிட்ச் என்று ஒரு முறை. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து விடுவார்கள். மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பிடித்து நிற்பதால் ஒரு இடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளர்ந்துவிடும். சேடில் ஸ்டிட்சில் ஒன்று அறுந்தாலும் மற்றவை நிற்கும். தைக்கும் நீளத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு நூல் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரே ஊசியை முதலில் விட்டு, ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும். வரிசை மாறினால் தையலின் சாய்வு மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். பையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கேயும் சாய்வு ஒரே சீராக இருந்தால், அந்தப் பையன் ஒரு மணி நேரம் கவனம் சிதறாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். “படிக்க உட்காரவே மாட்டேங்கிறான்” என்று எழுதியிருந்தீர்களே, அதோடு இதையும் சேர்த்து யோசியுங்கள்.

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு மெஷினில் மெல்லிய தோல் இரண்டு மடிப்புவரை ஓடும். தோலுக்கான கூர்முனை ஊசி போட்டு, தையல் நீளத்தை மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்குக் கூட்டி வைக்க வேண்டும். தோலில் விழுந்த துளை மூடாது, அதனால் குண்டூசிக்குப் பதில் கிளிப். தடித்த தோலைத் தள்ளினால் பாட்டியின் மெஷின் பாழாகும், அதை மட்டும் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

செலவைப் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். தொடக்கத்துக்கு ஒரு நல்ல கட்டர், ஸ்டீல் ரூலர், கட்டிங் மேட், துளை போடும் பல் உளி, நைலான் சுத்தியல், குத்தூசி, மெழுகு நூல், இரண்டு ஊசி போதும். இவற்றை நூறு சிங்கப்பூர் வெள்ளிக்குள் தேற்றிவிடலாம். விலை உயர்ந்த ஜப்பானியக் கருவிகள் கேட்டால் பத்துப் பொருள் முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். தோலை முழு விரிப்பாக வாங்காமல் துண்டுகளாக வாங்கட்டும். துணிக்கும் தையல் பொருளுக்கும் ஸ்பாட்லைட் கடையும் சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் துணிக்கடைகளும் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை அவனைத் தேக்கா சந்தையின் மேல்மாடிக்கு அழைத்துப் போங்கள். அங்கே ரவிக்கை தைக்கும் அண்ணன்கள் அளவெடுத்து வெட்டும் வேகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே நிறையக் கற்றுக்கொள்வான்.

வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பதால் மூன்று விஷயம். சுத்தியல் தட்டும் சத்தம் கீழ்வீட்டுக்கு நேராக இறங்கும், அதனால் இரவில் தட்டும் வேலை வேண்டாம். தைப்பதில் சத்தம் இல்லை, அதை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒட்டும் பசையை ஜன்னல் திறந்துதான் பயன்படுத்த வேண்டும், ஏர்கான் அறையில் கூடவே கூடாது. நம் ஈரக்காற்றில் தோல் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல், காற்றோட்டமான அலமாரியில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இனி படிப்பு. அடுத்த ஆண்டு நடுவில், பாலிடெக்னிக்குகள் முன்கூட்டிய சேர்க்கைக்கு விண்ணப்பம் திறக்கும். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, மாணவரின் ஆர்வத்தையும் திறனையும் பார்த்து நிபந்தனையோடு இடம் தரும் முறை இது. மூன்று படிப்புவரை தேர்ந்தெடுக்கலாம், நேர்காணல் இருக்கும், செய்த வேலையைக் காட்டலாம். உங்கள் மகனுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் இரண்டு நிபந்தனைகளைக் கவனியுங்கள். தேர்வில் பாலிடெக்னிக் கேட்கும் குறைந்தபட்சத் தகுதியை எட்டியே ஆகவேண்டும், கணக்கும் அதில் அடக்கம். இடத்தை ஏற்றுக்கொண்டு தகுதியும் பெற்றுவிட்டால், முடிவு நன்றாக வந்தது என்று பிறகு பொதுச் சேர்க்கையில் கலந்துகொள்ள முடியாது. அதனால் மூன்று விருப்பங்களையும் வீட்டில் உட்கார்ந்து பேசி, அவன் உண்மையிலேயே போக விரும்பும் படிப்புகளாகப் போடுங்கள்.

எந்தப் படிப்பு? தெமாசெக் பாலிடெக்னிக்கின் வடிவமைப்புப் பள்ளியில் ஆடை, பொருள் வடிவமைப்பு சார்ந்த படிப்புகள் உண்டு. லாசால் கலைக் கல்லூரியும் நன்யாங் நுண்கலைக் கழகமும் ஆடை வடிவமைப்பு சொல்லித்தருகின்றன. 2024 முதல் அவை இரண்டும் சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. பல்கலைக்கழகம் என்று போனால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) தொழில்துறை வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது. பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் எடுத்திருக்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால் அதை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை பற்றி உங்களுக்கு மழுப்பாமல் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் தோல் தைக்கும் கைவினைஞருக்கு மாதச் சம்பள வேலை மிகக் குறைவு. தோல் பொருட்கள் செய்யும் பைண்ட் ஆர்டிசன் போல நிலைத்து நிற்கும் உள்ளூர்ப் பெயர்கள் உண்டு, ஆர்ச்சர்ட் ரோட்டில் 2019-ல் திறந்த டிசைன் ஆர்ச்சர்டில் உள்ளூர் வடிவமைப்பாளர்களின் பொருட்கள் விற்கின்றன. ஆனால் அந்த இடங்களை நம்பி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் திட்டமிட என்னால் முடியாது. இந்தக் கைத்திறன் வேறு வேலைகளுக்குள் எப்படிப் போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். விமான இருக்கைகளின் உறை ஒரு வழி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017-ல் ஏ380 விமானத்தின் சூட்ஸ் என்ற தனி அறைகளைப் புதுப்பித்தபோது, நாற்காலிகளுக்குத் தோல் போர்த்தியது இத்தாலியின் போல்ட்ரோனா ஃப்ராவ். விமானப் பராமரிப்பில் இந்த ஊர் பெரிய மையம், கேபின் உட்புற வேலைகளும் இங்கே நடக்கின்றன. பை, காலணி, விளையாட்டுக் கருவி வடிவமைப்பு இன்னொரு வழி. மாதிரியைத் தானே தைத்துப் பார்க்கத் தெரிந்த வடிவமைப்பாளர், திரையில் மட்டும் வரைபவரைவிட ஒரு படி முன்னால் நிற்பார்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. செயற்கைக் கால், முதுகுப் பட்டை, பாதத் தாங்கி செய்யும் மருத்துவத் துறை. ஒவ்வொரு நோயாளியின் உடலுக்கும் அளவெடுத்து, பட்டையும் உறையும் பொருத்தித் தர வேண்டிய வேலை. டான் டோக் செங் மருத்துவமனையில் இதற்கென ஒரு நிலையமே உண்டு. பட்டப்படிப்புக்கு ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் போன்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும், அறிவியல் பாடங்களும் நன்றாக இருக்க வேண்டும். பையனுக்கு உயிரியல் பிடிக்குமா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

இந்த ஓராண்டில் என்ன செய்யலாம்? வாரநாளில் படிப்பு முடிந்த பிறகு மட்டும், வார இறுதியில் தாராளமாக என்று நேரம் பிரித்துக்கொடுங்கள். கருவிகளைப் பூட்டி வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் படிப்பின் மேல்தான் அவனுக்குக் கோபம் வரும். நண்பர்கள் கேட்கிறார்கள் என்று விற்க ஆரம்பித்தால் விற்கட்டும், ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் தோல், நூல், செலவான மணி நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஆறு மணி நேரம் தைத்த பணப்பையை இருபது வெள்ளிக்குக் கொடுத்தால் மணிக்கு என்ன கிடைக்கிறது என்று அவனே வகுத்துப் பார்க்கட்டும். பாலிடெக்னிக் நேர்காணலில் அந்த நோட்டு அவனுக்குப் பெரிய துணையாக இருக்கும். அட்டை மாதிரி, பாதியில் விட்டது, சரியாக வராமல் மறுபடி தைத்தது, எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எப்படி யோசித்தான் என்பதைக் கேட்பவர்கள் அங்கே இருப்பார்கள்.

ஜனவரியில் பாலிடெக்னிக்குகளில் திறந்த இல்லம் நடக்கும். அப்பாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். வடிவமைப்புப் பள்ளியின் பட்டறைக்குள் அவரே நடந்து பார்க்கட்டும், அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் அவருக்குத் தோன்றுவதைக் கேட்கட்டும். போய்வந்த பிறகு மூன்று பேருமாக என்னைப் பார்க்க வாருங்கள். வரும்போது பையன் அந்த நோட்டையும், திருத்தித் திருத்தித் தைத்த ஒரு பொருளையும் எடுத்து வரட்டும்.