பீகிள்போன் பிளாக்: கார்டில் ஓடும் இமேஜ் ஈஎம்எம்சியில் ஏறாதது ஏன்?

கேள்வி: என்னிடம் இருப்பது பீகிள்போன் பிளாக் என்ற சிறு ஒற்றைப் பலகைக் கணினி, ரெவ் சி. புதிய டெபியன் இமேஜை 8 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டில் எழுதிச் செருகி, எஸ்2 பட்டனை அழுத்தியபடி ரீசெட் கொடுத்தேன். பழைய சிஸ்டமே வந்தது. மின்சாரத்தைத் துண்டித்துத் திரும்பக் கொடுத்தபோது புதியது வந்தது. ஆனால் கார்டை எடுத்தால் மறுபடி பழையதுதான். கடைசியில் டிடி கட்டளையால் கார்டை அப்படியே போர்டின் உள் நினைவகமான ஈஎம்எம்சிக்கு நகலெடுத்தேன். இடமில்லை என்று பாதியில் நின்றுவிட்டது. இப்போது கார்டு இல்லாமல் போர்டு எழுவதே இல்லை. போர்டு போய்விட்டதா?

பதில்: போகவில்லை. இந்த போர்டை மென்பொருளால் கொல்வது கிட்டத்தட்ட முடியாத காரியம். முதலில் ஓடும் நிரல் போர்டின் செயலியான ஏஎம்335எக்ஸ் சிப்புக்குள்ளேயே உள்ள ராமில் அல்ல, ரோமில் இருக்கிறது. அதை யாராலும் அழிக்க முடியாது. ஈஎம்எம்சியில் என்ன குப்பை இருந்தாலும், எஸ்2 பட்டனைச் சரியாகப் பிடித்தால் கார்டிலிருந்து எழும். உங்களுக்கு நேர்ந்தது மூன்று தனித்தனிச் சிக்கல்கள். ஒன்றன் மேல் ஒன்றாக வந்ததால் ஒரே கோளாறு போலத் தெரிகிறது.

முதலாவது, ரீசெட். எஸ்2 என்பது நிரல் படிக்கும் பட்டன் அல்ல. எங்கிருந்து எழுவது என்று சிப்புக்குச் சொல்லும், சிஸ்பூட் எனப்படும் பின்களில் ஒன்றை அது தரைக்கு இழுக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பின்களின் நிலையை சிப் மின்சாரம் புதிதாக வரும் நொடியில் மட்டுமே பார்த்துப் பதிந்துகொள்ளும். ரீசெட் பட்டன் கொடுத்தால் பழைய பதிவே தொடரும். அதனால்தான் முதல் முயற்சியில் எஸ்2 அழுத்தியும் பலனில்லை. இதன் மறுபக்கமும் உண்டு: எஸ்2 பிடித்து ஒருமுறை எழுப்பிவிட்டால், அதன்பின் எத்தனை ரீசெட் கொடுத்தாலும் கார்டு முறையே தொடரும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் மின்கம்பியைப் பிடுங்கிச் செருகுங்கள்.

பட்டன் அழுத்தாதபோது ரோம் தேடும் வரிசை ஈஎம்எம்சி, எஸ்டி கார்டு, சீரியல், யுஎஸ்பி. அழுத்தியிருந்தால் எஸ்பிஐ, எஸ்டி கார்டு, யுஎஸ்பி, சீரியல். இரண்டாவது வரிசையில் ஈஎம்எம்சி கிடையவே கிடையாது என்பதைக் கவனியுங்கள். முதல் வரிசையில் ஈஎம்எம்சியில் உள்ள பூட்லோடர்தான் (சிஸ்டத்தை ஏற்றும் நிரல்) முதலில் ஓடும், கார்டு செருகியிருந்தாலும். யு-பூட் எனப்படும் அந்த பூட்லோடர் கார்டை எட்டிப் பார்க்கும்தான். ஆனால் ஆரம்பகால யு-பூட்கள் கார்டின் முதல் ஃபேட் பார்ட்டிஷனில், பூட் அமைப்புகளைக் கொண்ட யூஎன்வி (uEnv.txt) கோப்பைத் தேடின. பின்னர் வந்த இமேஜ்கள் பலவற்றில் அந்த இடத்தில் அப்படி ஒரு கோப்பு இல்லை. தேடியது கிடைக்காததால் பழைய சிஸ்டத்துக்கே திரும்பியிருக்கும்.

இரண்டாவது சிக்கல் இமேஜின் வகை. உள்நுழையும் அளவுக்குப் புதிய சிஸ்டம் வந்ததென்றால், நீங்கள் எழுதியது கார்டிலிருந்தே ஓடுவதற்கான சாதாரண இமேஜ். அது ஈஎம்எம்சியைத் தொடாது. எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் தொடாது. உள் நினைவகத்தில் ஏற்றுவதற்கென்று ஃபிளாஷர் என்று பெயரிலேயே குறிப்பிட்ட இமேஜ்கள் தனியாக வருகின்றன. அப்படி ஒன்று கிடைக்கவில்லையென்றால், கையில் உள்ள இமேஜையே ஃபிளாஷராக மாற்றலாம். கார்டிலிருந்து எழுப்பி, பூட் அடைவில் உள்ள யூஎன்வி உரைக் கோப்பை ரூட் உரிமையோடு திறந்து, கடைசிப் பகுதிக்குப் போங்கள். கமாண்ட்லைன் என்று தொடங்கி, இனிட் என்பதற்கு ஒரு ஃபிளாஷர் ஸ்கிரிப்டின் பாதையைக் கொடுக்கும் வரி இருக்கும். முன்னால் உள்ள ஹாஷ் குறியை மட்டும் நீக்கிச் சேமியுங்கள். ஸ்கிரிப்டின் பெயரும் பாதையும் இமேஜின் காலத்துக்கேற்ப மாறும். வேறெங்கோ பார்த்த பழைய பாதையைக் கொண்டுவந்து ஒட்டினால், கர்னல் அந்தக் கோப்பைக் காணாமல் பேனிக் என்ற பிழையோடு அப்படியே நின்றுவிடும். கோப்பிலேயே உள்ள வரியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, டிடி. உங்கள் கார்டு 8 ஜிபி, ரெவ் சியின் ஈஎம்எம்சி 4 ஜிபி. ரெவ் பியில் 2 ஜிபிதான். புதிய இமேஜ் முதல் முறை எழும்போது பார்ட்டிஷனைக் கார்டு முழுவதற்கும் விரித்துவிடுவது வழக்கம். ஆகவே பார்ட்டிஷன் அட்டவணையும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையும் தம்மை 8 ஜிபி என்று நம்புகின்றன. பாதி மட்டும் நகலானதும் பூட்லோடர் ஓடும், கர்னலும் ஏறக்கூடும். ஆனால் ரூட் கோப்பு முறைமையை மவுண்ட் செய்யும்போது பிளாக் எண்ணிக்கை சாதனத்தின் அளவைவிட அதிகம் என்று கர்னல் மறுத்துவிடும். கார்டு சிறியதாக இருந்து நகல் முழுமையாக முடிந்திருந்தாலும் இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு இடத்திலும் ஒரே யுயுஐடி (கோப்பு முறைமையின் அடையாள எண்) இருக்கும். யுயுஐடி வைத்து ரூட்டைத் தேடும் அமைப்பில், கார்டும் செருகியிருந்தால் எது மவுண்ட் ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றில் கோப்பைத் திருத்தி மற்றொன்றில் எழுப்பி, மாற்றம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். தவிர, ஓடிக்கொண்டிருக்கும் கோப்பு முறைமையை டிடியால் நகலெடுப்பதே ஆபத்து. நகலின் தொடக்கமும் முடிவும் வெவ்வேறு நேரத்து நிலையில் இருக்கும். ஃபிளாஷர் ஸ்கிரிப்ட் பிளாக் பிளாக்காக நகலெடுப்பதில்லை. ஈஎம்எம்சியின் பழைய அட்டவணையை அழித்து, அதன் அளவுக்கேற்பப் புதிதாகப் பிரித்து, ஃபார்மட் செய்து, கோப்புகளை மட்டும் கொண்டுபோய் வைக்கிறது. அதனால்தான் 32 ஜிபி கார்டிலிருந்தும் 4 ஜிபிக்குள் அடங்குகிறது.

இனி செய்ய வேண்டியது

இமேஜைப் பதிவிறக்கியதும் அதோடு கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். சுருக்கப்பட்ட எக்ஸ்இசட் கோப்பைக் கார்டில் இழுத்துப் போட்டால் போதாது, இமேஜாக எழுத வேண்டும். எட்சர் என்ற மென்பொருள் எக்ஸ்இசட்டை நேரடியாக விரித்து எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். அந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். டிடி பயன்படுத்துபவர்கள் எழுதும் இலக்காக ஒரு பார்ட்டிஷனை அல்லாமல் முழுச் சாதனத்தையும் கொடுக்க வேண்டும்.

போர்டிலிருந்து எச்டிஎம்ஐ, யுஎஸ்பி சாதனங்கள், கேப்கள் (போர்டின் மேல் செருகும் துணைப் பலகைகள்) எல்லாவற்றையும் கழற்றுங்கள். கேப்பைக் கழற்றச் சொல்வதற்கு இரண்டு காரணம். பி8 இணைப்பியின் 31 முதல் 46 வரையிலான பின்கள்தான் சிஸ்பூட் பின்கள். எஸ்2 இழுப்பதும் அங்குள்ள 43ஆம் பின்னைத்தான். கேப் அவற்றில் ஒன்றை இழுத்தாலே பூட் முறை மாறிவிடும். அதே பி8இல் 3 முதல் 6 வரையும், 20 முதல் 25 வரையும் ஈஎம்எம்சியின் கம்பிகள் ஓடுகின்றன. கேப் அங்கே கைவைத்தால் எழுதுவது நடுவில் முறியும்.

மின்சாரம் வட்ட ஜாக் வழியாக 5 வோல்ட். 1 ஆம்பியர் குறைந்தபட்சம், 2 ஆம்பியர் இருந்தால் நிம்மதி. மையம் நேர்முனை. கணினியின் யுஎஸ்பி போர்ட் தருவது பொதுவாக 500 மில்லி ஆம்பியர். வேலை நடந்துவிடும் போலத் தோன்றும். எழுதும் சுமை ஏறும்போது அணைந்துவிடும். பாதியில் மின்சாரம் போனால் போர்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஈஎம்எம்சியில் அரைகுறை சிஸ்டம் மிஞ்சும். முதலிலிருந்து ஃபிளாஷ் செய்ய வேண்டியதுதான்.

கார்டைச் செருகி, எஸ்2வை அழுத்திப் பிடித்து, மின்சாரம் கொடுத்து, நீல விளக்குகள் எரியத் தொடங்கியதும் விடுங்கள். எழுதுவது தொடங்கியதும் நான்கு விளக்குகளும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வரிசையாக ஓடித் திரும்பும். இந்த ஓட்டம் தெரியவில்லையென்றால் எழுதுவதே நடக்கவில்லை. நான்கும் ஒரே நேரத்தில் இதயத் துடிப்புபோல மின்னினால் எழுதுவது தோல்வி. நான்கும் அணையாமல் நிலையாக எரிந்தாலோ, போர்டு தானாகவே அணைந்தாலோ வேலை முடிந்தது. எது நடக்கும் என்பது இமேஜின் காலத்தைப் பொறுத்தது. டெஸ்க்டாப் இல்லாத சிறு இமேஜ் சில நிமிடங்களில் முடியும். பெரியது, அதுவும் மெதுவான கார்டில், அரை மணி நேரத்தைத் தாண்டலாம்.

முடிந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, கார்டை எடுத்துவிட்டுத்தான் மறுபடி கொடுக்க வேண்டும். கார்டை மறந்துவிட்டால் புதிய யு-பூட் அதன் யூஎன்வி கோப்பைப் படித்து இன்னொரு முறை ஃபிளாஷ் செய்யத் தொடங்கிவிடும்.

விளக்குகளை நம்புவதைவிட ஒரு சீரியல் கேபிள் மேல். 3.3 வோல்ட் டிடிஎல் வகை வேண்டும், 5 வோல்ட் வகை போர்டைக் கெடுக்கக்கூடும். ஜே1 இணைப்பியில் 1ஆம் பின் தரை, 4 உள்வரும் தரவு, 5 வெளிச்செல்லும் தரவு, வேகம் 115200. மின்சாரம் கொடுத்ததும் சி என்ற எழுத்து மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தால், ரோமுக்கு எங்குமே பூட்லோடர் கிடைக்கவில்லை என்று பொருள்: கார்டு சரியாக எழுதப்படவில்லை அல்லது சரியாகச் செருகப்படவில்லை. யு-பூட் எஸ்பிஎல் என்ற வரி வந்தால் அதை அடுத்து எங்கிருந்து எழுகிறது என்று அதுவே சொல்லும். எம்எம்சி1 என்றால் கார்டு, எம்எம்சி2 என்றால் ஈஎம்எம்சி. லினக்ஸுக்குள் போனதும் எண்கள் ஒன்று குறைந்து, கார்டு எம்எம்சிபிஎல்கே0, ஈஎம்எம்சி எம்எம்சிபிஎல்கே1 ஆகிவிடும். இந்தக் குழப்பத்தில்தான் பலர் தவறான இலக்கில் எழுதிவிடுகிறார்கள். எண்ணை நம்பாமல் சாதனப் பட்டியலைப் பாருங்கள். பூட்0, பூட்1 என்ற துணைச் சாதனங்கள் எதற்கு இருக்கின்றனவோ அதுதான் ஈஎம்எம்சி; எஸ்டி கார்டுக்கு அவை இருக்காது.

எஸ்2வோடு மல்லுக்கட்ட முடியாத இடத்தில் போர்டு இருந்தால், உதாரணமாகப் பெட்டிக்குள் மாட்டியிருந்தால், வேறு வழி உண்டு. சிஸ்டம் ஓடும்போதே ஈஎம்எம்சியின் முதல் 10 மெகாபைட்டைச் சுழியால் நிரப்புங்கள்: டிடியில் உள்ளீடு ஜீரோ சாதனம், இலக்கு முழு ஈஎம்எம்சி, பிளாக் அளவு 1 மெகாபைட், எண்ணிக்கை 10. முதல்நிலை பூட்லோடரான எம்எல்ஓ 128 கிலோபைட்டிலும் யு-பூட் 384 கிலோபைட்டிலும் தொடங்குவதால் இரண்டும் போய்விடும், பார்ட்டிஷன் அட்டவணையும் சேர்ந்து. அடுத்த முறை ரோம் ஈஎம்எம்சியில் ஏதும் காணாமல் தானாகவே கார்டுக்குப் போகும். உள்ளே இருக்கும் தரவைக் காப்பு எடுத்த பிறகே இதைச் செய்யுங்கள்.

கார்டு இல்லாமல் எழுந்ததும், இடிசி அடைவில் டாக்டேக் என்ற கோப்பில் இமேஜின் தேதி இருக்கும். அது புதியதா என்று பாருங்கள். ரூட் கோப்பு முறைமை எம்எம்சிபிஎல்கே1இன் பார்ட்டிஷனிலிருந்து மவுண்ட் ஆகியிருக்க வேண்டும்.

நல்ல மின்சாரமும் வேறு கார்டும் கொடுத்தும் ஒவ்வொரு முறையும் நான்கு விளக்கும் சேர்ந்து துடித்தால் ஈஎம்எம்சி தேய்ந்திருக்கலாம். சீரியலில் கர்னல் செய்திகளில் எம்எம்சி1க்கான (லினக்ஸ் எண்ணில் இது ஈஎம்எம்சி) உள்ளீடு-வெளியீட்டுப் பிழைகள் தெரியும். ஈஎம்எம்சி 5.0 அல்லது அதற்குப் பிந்தைய சிப்பாக இருந்தால், எம்எம்சி கருவித்தொகுப்பைக் கொண்டு சிப் தன் நிலையைப் பதிந்துவைக்கும் எக்ஸ்ட் சிஎஸ்டி பதிவேட்டைப் படித்து ஆயுள் மதிப்பைப் பார்க்கலாம். ஒவ்வொரு எண்ணும் 10 சதவீதத் தேய்மானம். அதோடு வரும் முன்னெச்சரிக்கை மதிப்பு 1 என்றால் இயல்பு. 2 என்றால் மாற்றுக்கென ஒதுக்கிய பிளாக்குகளில் 80 சதவீதம் தீர்ந்துவிட்டது. 3 என்றால் எந்த நேரமும் நிற்கலாம். பழைய போர்டுகளில் உள்ள சிப்களில் இந்த வசதி இல்லை, பிழைச் செய்திகளை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அந்த நிலையில் மறுபடி மறுபடி ஃபிளாஷ் செய்து பார்ப்பதில் பயனில்லை. முதல் 10 மெகாபைட்டை அழிக்கும் அளவுக்காவது சிப் ஒத்துழைத்தால், அழித்துவிட்டுக் கார்டிலிருந்தே போர்டை ஓட்டலாம்.