எடைக்கல் ஒன்று வாங்குங்கள், அப்புறம் பேசலாம்

(இந்த இதழ் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், மதுரையில் 31 ஆண்டுகள் தராசு பழுதுபார்த்தவர்.)

கேள்வி: வீட்டில் தேங்காய் எண்ணெய் சோப்பு செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பது 10 கிலோ வரை காட்டும் கிச்சன் தராசு. 1 கிராம் 1 கிராமாகத்தான் ஏறும். ஆன்லைனில் 500 கிராம் வரை, 0.01 கிராம் துல்லியம் என்று போட்டு ஒரு பாக்கெட் தராசு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. இருப்பதே போதுமா, இதையும் வாங்க வேண்டுமா?
*வாசகி, திருநெல்வேலி*

பதில்: நீங்கள் ஒரு தடவைக்கு எவ்வளவு எண்ணெய் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அம்மா. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

1 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். 500 கிராம் எண்ணெய்க்கு 91.5 கிராம். தோலை அரிக்காமல் இருக்க 5 சதவீதம் குறைத்துப் போடுவார்கள். அப்படிப் பார்த்தால் 87 கிராம். இதில் 1 கிராம் முன்பின் ஆனால் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம், அவ்வளவுதான். சோப்பு கெடாது. ஆனால் கற்றுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் 100 கிராம் எண்ணெயில்தான் முதலில் செய்து பார்க்கிறார்கள். அதற்கு வேண்டிய காஸ்டிக் சோடா 17.4 கிராம். இங்கே 1 கிராம் கூடிப்போனால் கிட்டத்தட்ட 6 சதவீதம். பாதுகாப்புக்கு விட்டுவைத்த 5 சதவீதமும் போய், காரம் மிஞ்சிய சோப்பு கையில் இருக்கும். அதை யாரும் மேலுக்குத் தேய்க்கக் கூடாது.

அதனால் எண்ணெய்க்கு இருக்கும் தராசே போதும். காஸ்டிக் சோடாவுக்கும் வாசனை எண்ணெய்க்கும் 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று தனியாக வாங்குங்கள். 0.01 கிராம் கிடைத்தாலும் சரி, ஆனால் அந்தக் கடைசி எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். திரையில் இரண்டு தசமம் தெரிவது வேறு, அந்த இரண்டு தசமமும் உண்மையாக இருப்பது வேறு. 0.01 கிராம் என்று எழுதிய மலிவுத் தராசுகள் பலவற்றில் ஒரே பொருளைப் பத்துத் தடவை வைத்து எடுத்தால், பத்துத் தடவையும் ஒரே எண் வராது. 0.03, 0.05 என்று ஆடும். சோப்புக்கு அது ஒன்றும் செய்யாது.

வாங்குமுன் பலர் மறந்துவிடுவது பாத்திரத்தின் எடை. 'டேர்' பொத்தானை அழுத்தினால் திரையில் பூஜ்யம் வரும், ஆனால் பாத்திரத்தின் பாரம் தட்டின் மேல்தான் இருக்கிறது. 350 கிராம் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்துவிட்டால் 500 கிராம் தராசில் உங்களுக்கு மிச்சம் 150 கிராம்தான். 200 கிராம் தராசு என்றால் கிண்ணமே ஏறாது. லேசான தடித்த பிளாஸ்டிக் கிண்ணமோ சின்ன எவர்சில்வர் டம்ளரோ வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் கூடவே கூடாது, காஸ்டிக் சோடா அதைத் தின்றுவிடும். கரைக்கும்போது தண்ணீரில் காஸ்டிக் சோடாவைப் போடுங்கள். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும்.

கேள்வி: புதுத் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது? ஒரு கிலோ உப்பு பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன், 1,009 காட்டியது. நாணயத்தை வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். 'கேல்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தலாமா?
*வாசகர், விருதுநகர்*

பதில்: முதலில் அந்தப் பொத்தானிலிருந்து கையை எடுங்கள். அதை ஏன் கடைசியாகத் தொட வேண்டும் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் புரியும்.

பாக்கெட் தராசைப் பிரித்தால் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு அலுமினியக் கட்டை இருக்கும். லோடு செல் என்பது அதுதான். ஒரு முனை அடித்தட்டோடும் மறு முனை மேல்தட்டோடும் திருகியிருக்கும். கட்டையின் நடுவே ஓட்டை போட்டு அந்த இடத்தை மெல்லிசாக்கியிருப்பார்கள். அங்கே வெள்ளைப் பசை பூசியிருக்கும். பசைக்கு அடியில் தாளை விட மெல்லிய உலோகப் படலம். சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை என்று முடி போல நான்கு ஒயர் அதிலிருந்து வெளியே வரும். தட்டில் பாரம் வைத்தால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. படலம் இழுபடுகிறது, அதன் மின்தடை துளி மாறுகிறது. இந்த மாற்றம் இவ்வளவு இருந்தால் இவ்வளவு கிராம் என்று யாராவது அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தப் பொத்தான் செய்வது அதைத்தான். தப்பான எடையை வைத்துச் சொல்லிக்கொடுத்தால், அதற்கப்புறம் எல்லாவற்றையும் தப்பாகவே சொல்லும், கொஞ்சமும் தயங்காமல்.

உப்பு பாக்கெட் எடைக்கல் ஆகாது. 500 கிராம் முதல் 1 கிலோ வரையிலான பாக்கெட்டில் 15 கிராம் வரை வித்தியாசத்தைச் சட்டமே அனுமதிக்கிறது. அதோடு உறையின் எடை வேறு. உங்கள் 1,009-ஐ வைத்து உப்பு கூடுதலா, தராசு தப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீரும் அப்படித்தான். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம் இருக்காது, 996 கிராம் அளவில்தான் இருக்கும். அளவு ஜாடியில் கோடு போட்டிருக்கும் லட்சணத்தில் அதற்கு மேலும் பிசகும்.

நாணயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு ரூபாய் என்று எடுத்தால் அதிலேயே 4.85 கிராம், 3.79 கிராம், 3.09 கிராம் என்று மூன்று விதம் புழக்கத்தில் பார்த்திருக்கிறேன். 2019-இல் வந்த வரிசையில் ஒரு ரூபாய் 3.09, பத்து ரூபாய் 7.74, இருபது ரூபாய் 8.54. அச்சடிக்கும்போதே சிறு ஏற்றத்தாழ்வு இருக்கும், அப்புறம் தேய்மானம், அழுக்கு. நாணயத்தை வைத்துத் தராசைத் திருத்தாதீர்கள். ஆனால் வேறு ஒன்றுக்கு அது ரொம்ப நல்ல பொருள், கடைசியில் சொல்கிறேன்.

உண்மையான எடைக்கல் ஒன்று வாங்கிவிடுங்கள். எம்1 வகுப்பு என்று கேளுங்கள். அந்த வகுப்பில் 100 கிராம் கல்லுக்கு அனுமதித்த பிழை 5 மில்லிகிராம், 200 கிராமுக்கு 10, 500 கிராமுக்கு 25. உங்கள் தராசுக்கு இது தாராளம். எப்2, எப்1 எல்லாம் ஆய்வுக்கூடத்துக்கு. அந்தச் செலவு உங்களுக்குத் தேவையே இல்லை. கல்லை வெறும் விரலால் எடுக்காதீர்கள், வியர்வையும் எண்ணெயும் ஒட்டும். ஒரு துண்டுத் துணி போதும். தாத்தா கடையில் இருந்த இரும்புப் படிக்கல் வீட்டில் கிடக்கிறதா? தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் குழி இருக்கும், அதில் ஈயம் அடைத்து முத்திரை குத்தியிருப்பார்கள். ஈயம் விழாமல், துரு ஏறாமல் இருந்தால் 1 கிராம் காட்டும் கிச்சன் தராசைச் சரிபார்க்க அதுவே போதும். பாக்கெட் தராசுக்கு வேண்டாம்.

கல் வந்த பிறகு அடுப்பு மேடையில், கிரானைட் மேல், தராசை வையுங்கள். சாக்கு, பேப்பர், மேஜை விரிப்பு எதுவும் அடியில் வேண்டாம். மின்விசிறியை அணையுங்கள். தராசை ஆன் செய்து பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள், உள்ளே சூடு ஒரு நிலைக்கு வரட்டும். தானாக அணைந்தால் மறுபடி ஆன் செய்யுங்கள். இந்தச் சூட்டு விஷயத்தை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தெற்காவணி மூல வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு நகைப் பட்டறை. தினமும் மதியம் தராசு பைத்தியம் பிடித்த மாதிரி ஓடுகிறது என்று கூப்பிட்டார்கள். ஒரு தடவை அடாப்டரை மாற்றினேன், இன்னொரு தடவை போர்டையே கழற்றிச் சுத்தம் செய்தேன். மூன்றாவது தடவை காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டரைக்குக் கூரைத் தகட்டின் இடுக்கு வழியாக உள்ளங்கை அகலத்துக்கு வெயில் இறங்கித் தராசின் இடது பக்கத்தில் விழுந்தது. எண் நகர ஆரம்பித்தது. தராசை இரண்டு அடி தள்ளி வைத்தோம். அதோடு சரி.

இப்போது கல்லை நடுவில் வைத்து எண்ணைக் குறியுங்கள். எடுத்து மறுபடி வையுங்கள், ஐந்து தடவை. பிறகு நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். தட்டையான கண்ணாடிக் கிச்சன் தராசுகளில் பலவற்றுக்குக் காலுக்கு ஒரு செல் வீதம் நான்கு இருக்கும், மூலைக்கு மூலை வேறுபடுவது அதில்தான் அதிகம். நடுவுக்கும் மூலைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் எந்தப் பொத்தானும் அதைச் சரிசெய்யாது, திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரே இடத்தில் வைத்தும் எண் ஆடினால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

ஐந்து தடவையும் ஒரே மாதிரி, ஆனால் ஒரே அளவில் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டினால் மட்டும் கேல். பொத்தானை அழுத்திப் பிடித்தால் திரை 100 என்றோ 200 என்றோ 500 என்றோ ஒரு எண்ணைக் கேட்கும். அது கேட்கும் கல்லையே வைக்க வேண்டும். அதனால் கல் வாங்கும் முன்பே தராசு எதைக் கேட்கிறது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாணயம் இங்கேதான் உதவும். தராசைத் திருத்திய அன்றே ஐந்து நாணயங்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, டப்பாவோடு எடை போட்டு, அந்த எண்ணை மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். தினசரி வேலைக்கு முன் அந்த டப்பாவை ஒரு தடவை வைத்துப் பாருங்கள். அதே எண் வந்தால் தராசு அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது. நல்ல கல் பெட்டியில் பத்திரமாகக் கிடக்கட்டும்.

கேள்வி: வீட்டில் சாக்லேட் செய்து பழகுகிறேன். கோயம்புத்தூரில் அண்ணன் 500 கிராம் எடைக்கல் வைத்துத் தராசைச் சரியாக 500.00 காட்டும்படி செய்து கொடுத்தான். ஊட்டிக்கு வந்து அதே கல்லை வைத்தால் 499.78. வழியில் அடிபட்டிருக்குமோ?
*வாசகி, உதகமண்டலம்*

பதில்: அடிபடவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீங்கள் அளந்திருப்பது மலையின் உயரத்தை!

லோடு செல்லுக்குத் தெரிந்தது வளைவு மட்டும்தான். பூமி அந்தக் கல்லை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு வளையும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். சுமார் 1,800 மீட்டர் ஏறியதில் பூமியின் இழுப்பு பத்தாயிரத்தில் நான்கு ஐந்து பங்கு குறைகிறது. 500 கிராமில் அது 0.2 கிராம், கால் கிராம் அளவு. உங்கள் கணக்கு 0.22. இரண்டு தட்டு வைத்த பழைய தராசில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே கல்லும் பொருளும் சேர்ந்தே லேசாகும். உயரம் மட்டுமல்ல, நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை போனாலும் இழுப்பு அரை சதவீதம் அளவு கூடும். வடக்கே எங்கோ ஒரு தொழிற்சாலையில் சரிபார்த்த தராசு நம் ஊருக்கு வந்து கொஞ்சம் குறைத்துக் காட்டுவதில் அதற்கும் பங்கு உண்டு. அண்ணனிடமிருந்து கல்லை வாங்கி வைத்துக்கொண்டு ஊட்டியிலேயே ஒரு தடவை கேல் செய்யுங்கள். சாக்லேட்டுக்கு இது தேவையே இல்லைதான், ஆனாலும் செய்யுங்கள்.

கேள்வி: ரெசின் கலையில் நிறமியைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். பத்துச் சொட்டு விட்டும் தராசு 0.00-லேயே நிற்கிறது. செல் போய்விட்டதா?
*கல்லூரி மாணவர், திருப்பூர்*

பதில்: செல் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. தூசி, வெப்பத்தால் பூஜ்யம் மெல்ல நகர்ந்தால் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்படி இந்தத் தராசுகளைச் செய்திருக்கிறார்கள். நீங்கள் மெதுவாக விடும் சொட்டையும் அது அப்படி ஒரு நகர்வு என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. டேர் அழுத்திய பிறகு, தட்டின் ஓரத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். எண் 7.74 பக்கம் வரும்; அதைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து சொட்டு விடுங்கள். பூஜ்யத்திலிருந்து விலகி இருப்பதால் பெரும்பாலான தராசு ஒவ்வொரு சொட்டையும் காட்டும். இல்லாவிட்டால் நிறமிப் புட்டியை எடை போட்டு, விட்ட பிறகு மறுபடி எடை போட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். என் வழி அதுதான்.

கேள்வி: இதே பாக்கெட் தராசில் எடை போட்டு அக்கம்பக்கத்தில் சோப்பு விற்கலாமா?
*வாசகி, திண்டுக்கல்*

பதில்: கூடாது. எடை போட்டு விற்கும் தராசு 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி சரிபார்த்து முத்திரை இட்டதாக இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறு முத்திரை. ஆன்லைன் பாக்கெட் தராசுக்கு அது கிடைக்காது. தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டால், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் உங்கள் ஊரில் யார் என்று சொல்வார்கள். அவரிடம் போய் 5 கிலோ தராசு ஒன்று பாருங்கள்.