பத்தாவது ஆள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் குடும்பத்துடன் கொச்சிக்குச் சென்றபோது மட்டாஞ்சேரியில் யூதர்களின் ஜெபஆலயத்தைப் பார்த்தோம். தரையில் பதித்த சீன ஓடுகளும் தொங்கும் கண்ணாடி விளக்குகளும் நடுவே பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடையும் மிக அழகு. ஆனால் உருவமும் இல்லை, கருவறையும் இல்லை. வெளியே வந்ததும் என் மகள், “இங்கே வந்து என்ன செய்வார்கள்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கல்வியும் தொண்டும் அவர்களுக்கு வழிபாட்டின் பகுதி என்று எங்கோ படித்திருக்கிறேன். விளக்க முடியுமா?

ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

‘ஜெபஆலயம்’ என்ற சொல்லே நம்மைச் சற்றுத் திசைதிருப்பிவிடுகிறது. தமிழ் விவிலியம் நமக்குப் பழக்கிய அந்தச் சொல்லில் ‘ஆலயம்’ இருப்பதால், இறைவன் உறையும் இடத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போகிறோம். பலியும் குருமாரும் உரிய ஆலயம் எருசலேமில் இருந்தது; கி.பி. 70இல் ரோமானியப் படை அதை அழித்த பிறகு அது மீண்டும் கட்டப்படவில்லை. நீங்கள் பார்த்த கட்டடத்துக்கு எபிரேயத்தில் ‘பேத் க்னெசெத்’ என்று பெயர்; கூடும் வீடு என்பது பொருள். கேரளத்து யூதர்கள் அதைப் ‘பள்ளி’ என்றே அழைத்தார்கள். ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியிலும் அதன் பெயர் ‘ஷூல்’, அதாவது பள்ளிக்கூடம். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

கூடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. மரபுப்படி 13 வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் ‘மின்யான்’ என்னும் சபை அமையும். ஒன்பது பேரறிஞர்கள் கூடினாலும் சபை ஆகாது. எளிய கூலித்தொழிலாளி ஒருவர் பத்தாவதாக வந்து நின்றால் ஆகிவிடும். வழிபாட்டை நடத்தக் குருமார் தேவையில்லை. முறை தெரிந்த எவரும் முன்னின்று நடத்தலாம். அத்தனை பேருக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும் என்பதே அங்கு கல்வியின் தொடக்கம்.

மேற்குச் சுவரில், எருசலேமின் திசையில், ஒரு பேழையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பவை தோல்சுருளில் கையால் எழுதப்பட்ட தோராச் சுருள்கள். தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்களும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஓராண்டில் முழுவதும் வாசித்து முடிக்கப்படுகின்றன. முடித்த அன்றே மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்குகிறார்கள். சுருளில் உயிரொலிக் குறிகளோ இசைக்குறிகளோ இல்லாததால், வாசிப்பவர் முன்கூட்டியே பயின்று வர வேண்டும். அவர் ஒரு சொல்லைப் பிழையாக ஒலித்தால் கேட்பவர்கள் அங்கேயே உரக்கத் திருத்துவார்கள். திருத்தும் அளவுக்குக் கற்ற செவிகள் அந்தப் பெஞ்சுகளில் இருந்தாக வேண்டும். படிப்பு அவர்களுக்கு வழிபாட்டின் பகுதி என்று நீங்கள் படித்தது இந்தப் பொருளில் முற்றிலும் உண்மை.

கேரளத்து யூதப்பள்ளிகளில் வேறெங்கும் வழக்கமில்லாத ஓர் அமைப்பு உண்டு. நடுவிலுள்ள மேடை போதாதென்று, மாடியில் பெண்கள் அமரும் பகுதியை ஒட்டி இரண்டாவது மேடை ஒன்று இருக்கும். ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் தோரா அங்கிருந்தே வாசிக்கப்பட்டது. பத்துப் பேரின் கணக்கில் பெண்கள் சேர்க்கப்படவில்லை. இன்று சீர்திருத்த யூதச் சபைகளில் சேர்க்கிறார்கள். ஆனாலும் கொச்சிப் பெண்கள் எபிரேயம் கற்றார்கள், வழிபாட்டில் குரலெடுத்துப் பாடினார்கள், விவிலியக் கதைகளையும் திருமணச் சடங்குகளையும் பற்றிய மலையாளப் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்தார்கள். உங்கள் மகளிடம் அந்த மாடியைப் பற்றி அவசியம் சொல்லுங்கள்.

தொண்டும் அந்தப் பத்துப் பேரிலிருந்தே பிறக்கிறது. பெற்றோரை இழந்தவர் பதினொரு மாதங்கள் ‘கத்தீஷ்’ என்னும் துதியைச் சொல்ல வேண்டும். அதில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இறைவனின் பெருமை மட்டுமே உண்டு. அதைத் தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் இருந்து ‘ஆமென்’ என்று மறுமொழி தர வேண்டும் என்பதால், துக்கத்தில் இருப்பவருக்காகத் தம் வேலையை ஒதுக்கிவிட்டு ஒன்பது பேர் வந்து நிற்கிறார்கள். இறந்தவரின் உடலைக் கழுவி, எளிய வெள்ளைத் துணி உடுத்தி அடக்கம் செய்யும் குழுவும் சபையினரைக் கொண்டதே. இறந்தவர் கைம்மாறு செய்ய முடியாது என்பதால் இதை உண்மையான அன்பு என்கிறார்கள். ஏழைக்குக் கொடுப்பதைக் குறிக்கும் ‘செதாக்கா’ என்ற சொல்லோ நீதி என்ற வேரிலிருந்து வந்தது. கொடுப்பதன் எட்டுப் படிகளை வகுத்த இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ், ஒருவரைத் தம் காலில் நிற்கச் செய்வதையே உச்சியில் வைத்தார்.

இவ்வளவு சொன்ன பிறகு, அந்தக் கட்டடத்தின் வேதனையான பக்கத்தை மறைப்பது உங்கள் மகளுக்குச் செய்யும் அநீதி. 1568இல் அதைக் கட்டிய பரதேசி யூதர்கள், அதாவது வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோரான ‘மெஷுஹ்ராரிம்’ என்பவர்களைச் சமமாக நடத்தவில்லை. அவர்கள் பெஞ்சுகளில் அமர முடியாது; தோரா வாசிக்க அழைக்கப்படவும் மாட்டார்கள். கற்றவனுக்கு முதலிடம் என்று கற்பித்த சபை, கற்றவனைத் தரையில் உட்காரவைத்தது. அந்தப் பிரிவில் 1882இல் பிறந்து, சென்னையில் படித்துச் சட்டப்பட்டம் பெற்று, கொச்சிச் சட்டமன்ற உறுப்பினராகவும் 1929 லாகூர் காங்கிரஸில் பிரதிநிதியாகவும் விளங்கியவர் ஏ. பி. சேலம். அவர் காந்தியின் வழியைத் தம் பள்ளிக்குள்ளேயே கையாண்டு, புறக்கணித்தும் சத்தியாகிரகம் செய்தும் போராடினார். தடைகள் கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்ந்தன. தம்மைத் தள்ளிவைத்த சபையை விட்டு அவர் போய்விடாமல், தம்மையும் எண்ணிக்கையில் சேர்க்கும்படி அதற்குள் நின்றே கேட்டதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, நெவாத்திம், மெசிலாத் சீயோன் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் புதிய பள்ளிகளை அமைத்துக்கொண்டார்கள். மட்டாஞ்சேரியிலேயே இருந்த கடவும்பாகம் பள்ளியின் உட்புற மரவேலைப்பாடு இன்று எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்கள் பார்த்த பரதேசிப் பள்ளி ஓடும் விளக்கும் குறையாமல் நிற்கிறது. ஆனால் உள்ளூரில் பத்து ஆண்கள் இல்லை, வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளைக் கொண்டே எண்ணிக்கை நிறைய வேண்டும். மனிதரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது அவர்கள் மரபில் கூடாது. ஆகவே விவிலியத்தின் சங்கீத நூலில், எபிரேயத்தில் சரியாகப் பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வசனத்தை, ஆளுக்கு ஒரு சொல்லாக, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவார்கள். கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லையென்றால், சற்று நேரம் வாசலைப் பார்த்துக் காத்திருப்பார்கள்.