மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லார் கையிலும் வந்துவிட்டால் திட்டம் வெற்றியா?

காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அட்டை எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2009-ல் தொடங்கிய மாநிலக் காப்பீடு, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. சேர்வதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பும் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. நல்ல விரிவாக்கம்தான்.

சரி, நான் பார்ப்பது வேறு: அட்டை இருந்தும் நகையை அடகு வைத்தார்களா? ஒரு குடும்பத்தில் இதய அறுவை சிகிச்சை இலவசமாக முடிந்தாலும், மதுரைக்குப் போய்வந்த செலவும் இழந்த கூலியும் கடனாக நிற்கும். அப்புறம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதாமாதம் ஆகும் செலவு. காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தால்தான் உதவும். மருத்துவத்துக்குக் கைக்காசு போடுவது குறைந்ததா என்று வீட்டில் போய்க் கேளுங்கள், குறிப்பாகத் தனியாக இருக்கும் ஆச்சிமார்களிடம்.