வாசகர் கேள்வி – பதில்: பழைய கருவிகளுக்குள் இருக்கும் உலோகம்

கேள்வி: பழுதான கைபேசி, கணினி ஆகியவற்றை மறுசுழற்சிக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். பிரிப்பதற்கும் உருக்குவதற்கும் ஆகும் செலவைக் கழித்தால், உண்மையில் பயன் மிஞ்சுகிறதா?

பதில்: முறையாகச் செய்தால் நன்றாகவே மிஞ்சுகிறது. சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் ஒரு டன் தாதுவில் பெரும்பாலும் சில கிராம் தங்கமே கிடைக்கும். ஒரு டன் கைபேசிச் சுற்றுப்பலகைகளில் நூறு கிராமுக்கும் மேல் இருக்கும். 2020 டோக்கியோ ஒலிம்பிக்கின் ஏறத்தாழ 5,000 பதக்கங்களுக்கு வேண்டிய 32 கிலோ தங்கத்தையும், 3,500 கிலோ வெள்ளியையும், 2,200 கிலோ வெண்கலத்தையும், ஜப்பானிய மக்கள் கொடுத்த சுமார் 62 லட்சம் கைபேசிகளிலிருந்தும் பிற சிறு கருவிகளிலிருந்தும் எடுத்தார்கள். ஆற்றலைப் பொறுத்தவரை, பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்க, தாதுவிலிருந்து புதிதாகப் பிரிக்க ஆகும் ஆற்றலில் 5 விழுக்காடு அளவே போதும்.

ஆயினும், ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகெங்கும் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் 22.3 விழுக்காடுதான் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. அக்கழிவில் இருந்த உலோகங்களின் மதிப்பு மட்டும் 9,100 கோடி டாலர் என்பதை நினைத்தால் மனம் பதைக்கிறது.

எஞ்சியவற்றில் ஒரு பகுதி, செம்புக்காகக் கம்பிகளைத் திறந்தவெளியில் எரிப்பவர்களிடமும், தங்கத்துக்காகப் பலகைகளை அமிலத்தில் கரைப்பவர்களிடமும் போய்ச் சேருகிறது. பிளாஸ்டிக் உறை எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சு கிளம்புகிறது. அமிலக் கழிவு நிலத்தடி நீரில் இறங்குகிறது. பற்றவைப்பில் உள்ள ஈயம் புகையாகவும் தூசியாகவும் பரவி, அங்கு வாழும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. உலோகம் கிடைத்துவிட்டது என்பதற்காக இதையும் மறுசுழற்சி என்று ஏற்க என்னால் இயலாது. ஆகவே, யாரிடம் கொடுக்கிறோம் என்பதைக் கவனிப்பதும், உரிமம் பெற்ற நிலையத்தைத் தேடிச் செல்வதும் மிக முக்கியம்.

கேள்வி: இன்னும் இயங்கும் கருவியையும் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு கைபேசி தன் ஆயுளில் ஏற்படுத்தும் கரியமில வாயுவின் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. எனவே, பழுதுபார்த்து இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்துவதோ வேறொருவருக்குக் கொடுப்பதோ மறுசுழற்சியை விட மேலானது. இனி உதவாது என்ற நிலை வந்தபின், உள்ளிருக்கும் தகவல்களை அழித்துவிட்டு நிலையத்தில் ஒப்படையுங்கள். நசுங்கினால் தீப்பற்றக்கூடிய லித்தியம் மின்கலத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்.